3 சென் தண்ணீர்: சிங்கப்பூர்–ஜொகூர் வாக்குவாதம்

உட்லண்ட்ஸ்வாசி: சிங்கப்பூர், பக்கத்து மலேசிய மாநிலமான ஜொகூரின் தண்ணீரைச் சும்மா வாங்கிக் குடிக்கிறது என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். சரி, குடிக்கிறோம். ஆனால் மலேசியாவில் சுத்திகரித்து அனுப்பும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காசாகாமலே போகிறதே, குழாய் உடைப்பு, பழைய மீட்டர், திருட்டு இணைப்பு என்று? சிங்கப்பூரில் அது 10 சதவீதத்தைக்கூடத் தொடாது. மேலும் மேலும் சுத்திகரிப்பு ஆலை கட்டி என்ன பிரயோஜனம்?

ஸ்கூடாய்க்காரன்: அண்ணே, அது கிளந்தானையும் சபாவையும் சேர்த்த நாட்டுக் கணக்கு, ஜொகூர் அவ்வளவு மோசமில்லை. 3 சென் கதையை மட்டும் நைசாகத் தாண்டிவிட்டீர்கள். 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளைக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம், ஆயிரம் கேலனுக்கு 3 சென் (நூறு சென் ஒரு ரிங்கிட்). ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) 2 ரிங்கிட் என்றால் அந்தக் காசுக்கு 66,000 கேலன் வரும்!

உட்லண்ட்ஸ்வாசி: அதில் நாங்கள் சுத்திகரித்ததை ஆயிரம் கேலன் 50 சென்னுக்குத் திருப்பி வாங்குகிறீர்களே, அதையும் சொல்லுங்கள். சுத்திகரிக்கும் செலவு அதைவிடப் பல மடங்கு. 1987இல் விலையைத் திருத்த வாய்ப்பு வந்தது, விட்டது யார்? நாங்கள் வீட்டுக்குக் கட்டுவது கன மீட்டருக்கு 2.74 சிங்கப்பூர் வெள்ளியாக இருந்தது, 2025 ஏப்ரலிலிருந்து 3.24.

கணக்குப்பிள்ளை: இரண்டு பேரும் விலையைவிட்டு நகர மாட்டேன் என்கிறீர்கள். 2016 அக்டோபரில், ஜொகூர் ஆற்றுக்கு நீர் விடும் லிங்கியு நீர்த்தேக்கம் கொள்ளளவில் 20 சதவீதத்துக்கு இறங்கியது. ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் காகிதத்தில் 25 கோடி இருந்து என்ன? சிங்கப்பூர் புதுநீர் (கழிவுநீரைச் சுத்திகரித்தது), கடல்நீர் என்று ஓடுவதற்கு இதுவும் காரணம், 2061இல் ஒப்பந்தம் முடிவதும் காரணம். ஆனால் கடல்நீரைக் குடிநீராக்க கன மீட்டருக்கு 3.5 யூனிட் மின்சாரம் ஆகிறது, அந்த மின்சாரம் பெரும்பாலும் எரிவாயுவில், எரிவாயு இறக்குமதியில். தண்ணீருக்குக் கை ஏந்தாமல் எரிவாயுவுக்கு ஏந்துகிறோம், அவ்வளவுதான்.

ஸ்கூடாய்க்காரன்: அது நியாயம். ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். போன மாதம் எங்கள் தெருமுனையில் குழாய் உடைந்து ஐந்து நாள் சாக்கடையில் ஓடியது. வீட்டில் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று, அப்புறம் வரக்காப்பி நிறத்தில் ஒரு கை தண்ணீர். அம்மா அரிசி களைந்த தண்ணீரைக்கூடக் கொட்டாமல் கழிவறைக்கு எடுத்து வைத்தார். அதற்காக 3 சென்னை விட்டுவிட மாட்டேன்.

உட்லண்ட்ஸ்வாசி: ஐந்து நாளா! புகார் கொடுக்கவில்லையா?

ஸ்கூடாய்க்காரன்: மூன்று முறை. முதல் முறையே வந்து உடைப்பைச் சுற்றிச் சிவப்புக் கூம்பு வைத்துவிட்டுப் போனார்கள்.