‘தகுதியற்ற வீரர்’ வேண்டாம்: ‘வீச்சு முந்தல்’ பற்றி

வணக்கம் ஐயா,

அமெரிக்கக் கால்பந்தின் ‘இன்எலிஜிபிள் லைன்மேன் டவுன்ஃபீல்டு’ என்ற தவறுக்கு (பந்து வீசப்படுமுன் முன்வரிசை ஆட்டக்காரர், அதாவது லைன்மேன், கோட்டைக் கடந்து முன்னே போய்விடுவது) நீங்கள் தமிழாக்கமாகத் தந்த ‘தகுதியற்ற வீரர் முன்னேற்றம்’ எனக்கு ஒப்பவில்லை. தகுதியற்றவர் என்றால் ஆடவே லாயக்கில்லாதவர் என்றுதான் படுகிறது. அவரிடம் இல்லாதது தகுதி அல்ல, முன்னோக்கி வீசிய பந்தைப் பிடிக்கும் உரிமை. ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் கோட்டில் நிற்கும் எழுவரில் இரு முனையில் இருப்பவர்களுக்கு அந்த உரிமை உண்டு, இடையில் உள்ள ஐவருக்கு இல்லை. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்எஃப்எல்லில், வழக்கமாக அந்த உரிமை இல்லாத 50 முதல் 79 வரை எண் அணிந்த ஒருவர்கூட நடுவரிடம் சொல்லிவிட்டு முனையில் போய் நின்றால் பிடிக்கலாம். ஆகவே ‘பிடியுரிமை இல்லாதவர்’ என்போம். கிரிக்கெட்டால் ‘பிடி’ எல்லோருக்கும் பழகிய சொல்.

அடுத்து ‘முன்னேற்றம்’. அது நல்ல காரியத்துக்கு ஆன சொல். இங்கே தவறு முன்னே போவதில் இல்லை, பந்து கையை விடுமுன் போவதில்தான். ஸ்கிரீன் பாஸ் என்ற வீச்சு உத்தியைப் பாருங்கள். எதிரணியினரை வேண்டுமென்றே உள்ளே விட்டுவிட்டு, லைன்மேன்கள் பக்கவாட்டில் நழுவி, பந்தை வாங்கப்போகும் ஓட்டக்காரருக்கு வழி திறக்கத் தயாராகிறார்கள். பந்தை வீசும் குவார்ட்டர்பேக் அரை நொடி தாமதித்தால் போதும், அவர்கள் கோட்டைக் கடந்து ஒரு கெஜத்துக்கு மேல் போயிருப்பார்கள், தவறு என்று நடுவரின் கொடி விழும். இடத்திலும் காலத்திலும் முந்திவிட்டார்கள். தமிழில் ‘முந்து’ இரண்டையும் ஒரே சொல்லில் சொல்கிறது!

முதலில் ‘கோடு முந்தல்’ என்று நினைத்தேன். ஆனால் பந்து ஆட்டத்துக்கு வரும் கணத்திலேயே கோட்டைத் தாண்டி நிற்கும் ஆஃப்சைடு தவறோடு அது குழம்பும். முந்தப்படுவது வீச்சு. அதனால் ‘வீச்சு முந்தல்’ என்பதே என் முடிவு.

விளக்கத்தில் ஒன்றை மறக்க வேண்டாம். மேலே சொன்ன ஒரு கெஜம் என்எஃப்எல் எல்லை; கல்லூரி ஆட்டத்தில் எல்லை 3 கெஜம். அங்கே வீசிய பந்து கோட்டைத் தாண்டாவிட்டால் இது தவறே இல்லை. என்எஃப்எல்லில் அந்தச் சலுகை கிடையாது. பல ஸ்கிரீன் பாஸ்கள் கோட்டுக்குப் பின்னாலேயே பிடிக்கப்படுவதால் இந்த வேறுபாடு பெரிது.

ஸ்கிரீன் பாஸுக்கு நீங்கள் தந்த ‘திரை வீச்சு’ எனக்குச் சம்மதம். என் ‘வீச்சு முந்தலை’ நடுவர் அறிவிப்பாகச் சொல்லிப் பார்த்தேன்: “வீச்சு முந்தல், எண் 64, 5 கெஜம் பின்னே.” வாயில் நன்றாகவே வருகிறது.