கலைச்சொல் தேவை: காரின் ஐந்து சத்தங்கள்

கையேட்டை மொழிபெயர்ப்பவர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். சொகுசு செடான் கார்களில் வரும் சத்தத்தை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பது பற்றி ஒரு பயிற்சிக் கையேடு. வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் கொடுத்தாக வேண்டும். பாகங்களின் பெயர்களை ஒருவழியாக முடித்துவிட்டேன். சத்தங்களின் பெயர்கள்தான் நகர மறுக்கின்றன. ஆங்கிலத்தில் ஸ்குவீக் (squeak), ரேட்டில் (rattle), கிளங்க் (clunk), ஹம் (hum), நாக் (knock). அகராதியைத் திறந்தால் ஐந்துக்கும் ஒலி, ஓசை, இரைச்சல் என்றே மாற்றி மாற்றி வருகிறது. அப்படியே போட்டால் படிப்பவருக்கு எல்லாப் பழுதும் ஒரே பழுதாகத் தெரியும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். இந்த வகைக் கார்கள் பலவற்றில் கண்ணாடியே இரண்டு அடுக்கு, நடுவில் ஒலியை மட்டுப்படுத்தும் படலம். இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கில் திரவம் நிரப்பியிருப்பார்கள். சிலவற்றில் ஒலிபெருக்கி வழியாக எதிரலை அனுப்பி இரைச்சலைக் குறைக்கிறார்கள். பெரிய சத்தமெல்லாம் அடங்கிவிடுவதால், டாஷ்போர்டுக்குள் தளர்ந்துபோன ஒரு சின்னக் கிளிப்கூடக் காதைக் குடையும். உரிமையாளர் அதற்காகத்தான் வண்டியைக் கொண்டுவருகிறார். உதவுங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

நல்ல வேளையாகக் கேட்டீர்கள். ஒலிச்சொல்லுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. முழக்கு, இரட்டு, ஒலி, கலி, இசை, துவை என்று தொடங்கி ஒரே நூற்பாவில் இருபதுக்கும் மேல் அடுக்குகிறது நன்னூல். அதற்கு எவ்வளவோ முன்பே தொல்காப்பிய உரியியல் துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் நான்கையும் இசைப்பொருட் கிளவி என்று சொல்லிவிட்டது. எடுத்தாள ஆளில்லாமல் கிடக்கும் சொத்து இது. என் பரிந்துரை: ஹம் - இமிழ்வு, கிளங்க் - துவைப்பு, ரேட்டில் - கம்பலை, நாக் - சிலைப்பு. ஸ்குவீக்குக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தேட வேண்டும்.

பணிமனைப் பயிற்றுநர் எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும், இதை ஏற்க முடியவில்லை. ‘முன்பக்கத்தில் துவைப்பு கேட்கிறது’ என்று எழுதினால் என் மாணவர்களுக்குத் துணிதான் நினைவுக்கு வரும். சிலைப்பு என்றால் கற்சிலையைத் தேடுவார்கள். பட்டறையில் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கிறீச்சுன்னு, லொடலொடன்னு, டொக்குன்னு, ஙொய்ன்னு. ஓட்டுபவரும் இப்படித்தான் சொல்லுவார், மெக்கானிக்கும் இப்படித்தான் புரிந்துகொள்வார். இவற்றைக் கௌரவமாக எழுத்துக்குள் கொண்டுவருவதுதான் நம் வேலை.

இயற்பியல் கற்பிப்பவர் எழுதியது:

டொக் எப்படிக் கலைச்சொல் ஆகும்? ஒருவர் காதுக்கு டொக், இன்னொருவர் காதுக்கு டக். காரணத்தை வைத்துப் பெயரிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. ஸ்குவீக் என்பது இரண்டு பரப்புகள் ஒட்டிப் பிடித்து, சட்டென்று வழுக்கி, மறுபடி ஒட்டுவதால் வருவது. இருக்கையின் தோலும் பக்கத்துப் பிளாஸ்டிக்கும் உரசும்போது நடப்பது இதுதான். ரேட்டில், இடைவெளி விட்டுப்போன இரண்டு பாகங்கள் விடாமல் மோதிக்கொள்வது. கிளங்க், கனமான பாகம் ஒருமுறை மோதுவது. ஹம், பெரும்பாலும் சுழற்சியில் பிறப்பது. ஆகவே உராய்வொலி, தொடர்மோதொலி, மோதொலி, சுழலொலி. பெயரிலேயே விளக்கம் வந்துவிடுகிறது.

பணிமனைப் பயிற்றுநர் எழுதியது:

> பெயரிலேயே விளக்கம் வந்துவிடுகிறது

எனக்குப் பயமே அதில்தான். சத்தத்துக்குப் பெயர் வைக்கும் நேரத்தில் காரணம் யாருக்கும் தெரியாது. காரணம் தெரிந்தால் அவர் ஏன் நம்மிடம் வருகிறார்?

காலையில் முதல்முறை இன்ஜினைக் கிளப்பியதும் ‘டிக் டிக் டிக்’ என்று கேட்கிறது என்று வையுங்கள். வால்வைத் தள்ளித் திறக்கும் லிஃப்டருக்கு எண்ணெய் அழுத்தம் வந்து சேராததால் இருக்கலாம். அது உலோகத்தோடு உலோகம் தட்டுவது. இன்ஜின் புகையைத் திரட்டி வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட், அதாவது இடுக்கை அடைக்கும் தகடு, விட்டுப்போயும் இருக்கலாம். அங்கே தட்டுவது எதுவும் இல்லை, புகை விட்டுவிட்டுப் பீறிடுகிறது, அவ்வளவுதான். இரண்டும் காதுக்கு அண்ணன் தம்பி போல. இன்ஜின் சூடேறினால் இரண்டுமே அடங்கலாம். முதலாவதில் எண்ணெய் ஏறிவிடுகிறது, இரண்டாவதில் உலோகம் விரிந்து இடுக்கை மூடிக்கொள்கிறது. கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும், வால்வு மூடியின் மேல் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும். ‘மோதொலி’ என்று முதல் வரியிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் மாணவன் வால்வு மூடியைக் கழற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். சத்தத்தின் பெயர் கேட்டதை மட்டும் சொல்ல வேண்டும். காரணத்துக்குத் தனிப் பெயர் இருக்கட்டும்.

தமிழாசிரியர் எழுதியது:

பயிற்றுநர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. துவைப்பையும் சிலைப்பையும் விட்டுவிடுகிறேன். ஆனால் ஒலிக்குறிப்புக்குப் போவதென்றால் இலக்கணத்தோடு போவோம். ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்கிறது தொல்காப்பியம். கடகடவைப் பிரித்து ‘கட’ என்றால் அந்தப் பொருள் போய்விடும். விடாமல் மோதுவதற்கு இரட்டைக்கிளவி, ஒருமுறை மோதுவதற்கு ஒற்றைக் குறிப்பு. ரேட்டிலுக்கும் கிளங்குக்கும் உள்ள வேறுபாட்டை மொழியே பிரித்து வைத்திருக்கிறது. பெயராக்குவதும் எளிது: சலசலப்பு, முணுமுணுப்பு போலக் கடகடப்பு.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். லகரமும் டகரமும் தமிழில் மொழிமுதல் ஆகா. லொடலொடப்பு வேண்டாம், கடகடப்பு இருக்கட்டும். டொக் வேண்டாம், தடக் இருக்கட்டும்.

ஹம்முக்கு இமிழ்வைவிட இமிர்வு பொருந்தும் என்று இப்போது தோன்றுகிறது. சங்கப் பாட்டில் கடலும் முரசும் இமிழும். வண்டும் தும்பியும் இமிரும். ஒரு சீராக, மெல்லியதாக, விடாமல் வருவது இமிர்வு. இமிழ் என்பதிலிருந்தே தமிழ் என்ற பெயர் வந்தது என்று சொல்வோரும் உண்டு. அதைத் தனி மடலாக எழுதுகிறேன். வண்டி என்று வந்ததால் இன்னொன்று. புறநானூற்றின் 102ஆம் பாட்டில், உமணர் தம் உப்பு வண்டியின் கீழ்மரத்தில் கட்டிக்கொண்டு போகும் மாற்று அச்சைச் ‘சேமஅச்சு’ என்கிறார் ஔவையார். ஸ்டெப்னிக்குச் சேமச்சக்கரம் என்று ஏன் வைக்கக் கூடாது?

இலங்கையிலிருந்து ஓர் உறுப்பினர் எழுதியது:

சேமம் நல்ல சொல், ஐயா. ஆனால் நாங்கள் சக்கரத்தைச் சில்லு என்றுதான் சொல்லுவோம். சேமச்சில்லு என்றால் எங்கட ஆட்களுக்கும் உடனே விளங்கும். கிறீச்சொலி எங்கேயும் விளங்கும், அதைப் பற்றிப் பேச்சில்லை. இமிர்வு எனக்கே அகராதி கேட்கும் சொல்.

பணிமனைப் பயிற்றுநர் எழுதியது:

சில்லு, சக்கரம் இரண்டுமே இருக்கட்டும். அது இந்தக் கையேட்டுக்கு இப்போது வேண்டாம். லாரியையும் டயரையும் அன்றாடம் எழுதிக்கொண்டே லொடலொடவை மட்டும் வாசலில் நிறுத்துவது சரியில்லை என்பது என் கருத்து. கடகட என்றால் கெட்டியான உலோகம். லொடலொட என்றால் உள்ளே இடம் விட்டு ஏதோ ஆடுகிறது என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கதவுப் பலகைக்குள் ஸ்க்ரூ விழுந்து கிடந்தால் அது கடகடக்காது. ஹம்முக்கு ரீங்காரமே போதும். இருந்தாலும் நேரமில்லை, கடகடப்பு என்று முடித்தாலும் தடுக்கமாட்டேன்.

கையேட்டை மொழிபெயர்ப்பவர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெரும்பான்மையை வைத்து, முதல் மடலின் வரிசையிலேயே, இப்போதைக்கு இப்படி எடுத்துக்கொள்கிறேன்: கிறீச்சொலி, கடகடப்பு, தடக்கொலி, ரீங்காரம், தட்டல். ஒரு பத்தியில் போட்டுப் பார்த்தேன்:

“வேகம் கூடக்கூட ரீங்காரமும் கூடுகிறதா? அதே வேகத்தில் கியரை மாற்றிப் பாருங்கள். ரீங்காரம் மாறாவிட்டால் இன்ஜின்மேல் சந்தேகம் குறையும். பிறகு ஆளில்லாத பாதையில் மெதுவாக இடப்பக்கம் வளையுங்கள். எடை வலப்பக்கச் சக்கரங்களில் சாயும். அப்போது ரீங்காரம் உயர்ந்தால் முதலில் வலப்பக்க வீல் பேரிங்கைச் சோதியுங்கள். வளைவுக்கு மாறாமல், சாலைப் பரப்பு மாறும்போது மட்டும் மாறினால் டயரைக் கையால் தடவிப் பாருங்கள். சீரில்லாத தேய்மானம் விரலில் தட்டுப்படும். மேடுபள்ளத்தில் தடக்கொலி கேட்டால் சஸ்பென்ஷனில் உள்ள ஸ்டெபிலைசர் லிங்க், கன்ட்ரோல் ஆர்ம் புஷ் இரண்டையும் அசைத்துப் பாருங்கள்.”

எனக்கு இது ஓடுகிறது. ஐயா, ரீங்காரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

பத்தி நன்றாகவே இருக்கிறது. ஆனால் இமிர்வைச் சொல்லடைவில் மாற்றுச்சொல்லாகவாவது போடுங்கள். ஒருமுறைகூட அச்சேறாத சொல்லை யார் பழகப் போகிறார்கள்?

இயற்பியல் கற்பிப்பவர் எழுதியது:

மற்ற நான்கையும் ஏற்றுக்கொள்கிறேன். தட்டலை ஏற்க முடியாது. ஆங்கிலத்தில் நாக் என்ற ஒரே சொல் இரண்டு வேறு நோய்களுக்கு ஓடுகிறது. நாமும் ஏன் அந்தக் குறையைச் சுமக்க வேண்டும்? ஒன்று, சிலிண்டரில் தீச்சுடர் போய்ச் சேரும் முன்பே மூலையில் மிஞ்சிய கலவை தானாகப் பற்றிக்கொள்வது. வண்டி பாரத்தோடு மேடேறும்போது ‘கிணிங் கிணிங்’ என்று மெல்லிய உலோகச் சத்தம் வரும். எரிபொருளின் ஆக்டேன், அதாவது தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் அளவு, குறைந்தாலே வரக்கூடியது. மற்றொன்று, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்து இடைவெளி விழுந்து, அடியிலிருந்து கனமாக இடிப்பது. அந்த சிலிண்டரின் ஸ்பார்க்கை நிறுத்திப் பார்த்தால் சத்தம் தணியும். முன்னதற்கு நல்ல பெட்ரோலே போதுமானதாக இருக்கலாம். பின்னதோடு வண்டியை ஓட்டினால் இன்ஜினே உடையும். காதில் கேட்பதை வைத்துப் பெயரிடு என்ற பயிற்றுநரின் விதிப்படியே இவை இரண்டு சத்தம், இரண்டு பெயர். முன்னது கிணிகிணிப்பு, பின்னது இடிப்பு.

கையேட்டை மொழிபெயர்ப்பவர் எழுதியது:

அப்படியானால் நாக் சென்சார் என்ன ஆகும்? அது பிடிப்பது முன்னதன் அதிர்வைத்தான். அதைக் கேட்டுத்தான் கணினி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது. தட்டல் உணரி என்று ஏழு படங்களில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன், திருத்த இனி நேரமில்லை. ஆகவே தட்டல் நிற்கட்டும். இரண்டு வகை உண்டு என்று அடிக்குறிப்பு சேர்த்துவிடுகிறேன்.

இயற்பியல் கற்பிப்பவர் எழுதியது:

அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. என் மறுப்பைப் பதிவில் வையுங்கள். அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுப்புவேன்.