லாகின் ஸ்கிரிப்டுக்குத் தமிழ்ச் சொல்: அச்சுக்குப் போக வேண்டும்

ரோஸ் ஹில்லிலிருந்து:
வணக்கம். இங்கே மொரீஷியஸில் எங்கள் பள்ளிக் கணினிக் கூடத்தின் கையேடு காவடி விடுமுறைக்கு முன் அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறது. மாணவர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்ததும் சர்வரின் ‘நெட்லாகன்’ என்ற பொதுக் கோப்புறையிலிருந்து ஒரு பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) தானாக ஓடும். அதிலுள்ள ‘நெட் யூஸ்’ வரி அவருடைய கோப்புறையை எச் டிரைவாகக் காட்டும். இந்த லாகின் ஸ்கிரிப்டைத் தமிழில் என்னவென்று எழுத?

மொக்காவிலிருந்து:
தம்பி, ‘புகுபதிகை நிரல்’. புகுபதிகை வினைத்தொகை, ப் மிகாது, அச்சகத்தில் சொல்லிவையுங்கள். பலர் எழுதும் ‘உள்நுழைவு’ புணர்ச்சிப்படி ‘உண்ணுழைவு’ ஆக வேண்டும். ‘நுண்மாண் நுழைபுலம்’ என்று வள்ளுவர் சொல்வது அறிவு நுட்பமாக ஊடுருவுவதை. வாசலில் பெயர் சொல்லிவிட்டு உள்ளே போக ‘புகு’ போதும்.

டர்பனிலிருந்து:
ஐயா, ‘உண்ணுழைவு’ என்றால் எங்கள் பிள்ளைகள் சாப்பாட்டு அறையைத் தேடுவார்கள். பதிகை என்றால் கோயில் பதிகம். லாகினை அப்படியே விடுங்கள், ஸ்கிரிப்டுக்கு மட்டும் தமிழ் பாருங்கள்.

மொக்காவிலிருந்து:
அப்படியே விடுவதா அம்மா? 1998-இல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் வரி இந்திக்குக் கீழே போனதற்கு இங்கே எழுந்த எதிர்ப்பில் நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். நோட்டில் இடம் கேட்டவர்கள் கணினியில் கேட்கக் கூடாதா?

குவாட்ரே போர்னிலிருந்து:
நோட்டு இருக்கட்டும் ஐயா. சர்வரைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு வேறு கவலை. கணினி பூட் ஆகும்போது ஓடுவது ஒன்று, ஆள் லாகின் செய்ததும் ஓடுவது வேறு. முன்னது கணினியின் உரிமையில் ஓடும், பின்னது பயனரின் உரிமையில். ‘தொடக்க நிரல்’ என்று யாராவது கிளம்பினால் இரண்டும் குழம்பும். நிரல் என்பது புரோகிராமுக்கு இருக்கிறது. இதற்குக் ‘குறுநிரல்’ போடலாம். அப்புறம், குரூப் பாலிசி (சர்வரிலிருந்தே எல்லாக் கணினிகளுக்கும் அமைப்புகளைக் கொடுக்கும் வசதி) வழியாகக் கொடுத்தால் விண்டோஸ் 8.1 முதல் ஸ்கிரிப்ட் 5 நிமிடம் கழித்துத்தான் ஓடும். அந்த அமைப்பை மாற்றாவிட்டால் வகுப்பே எச் டிரைவைக் காணோம் என்று கை தூக்கும். சொல் எதுவானாலும் இதைக் கையேட்டில் எழுதுங்கள்.

மொக்காவிலிருந்து:
இருநூறு வரி இருந்தாலும் குறுவா? ‘உரைநிரல்’ என்பேன். நோட்பேடில் திறந்தால் வெறும் உரைதானே.

டர்பனிலிருந்து:
குறுநிரலே இருக்கட்டும். சமையல் காத்திருக்கிறது.

ரோஸ் ஹில்லிலிருந்து:
சரி, ‘நுழைவுக் குறுநிரல்’. முதல் பக்கத்தில் மட்டும் பக்கத்திலேயே லாகின் ஸ்கிரிப்ட் என்றும் இருக்கும். 5 நிமிட விஷயத்துக்குத் தனிக் கட்டம் போடுகிறேன்.

மொக்காவிலிருந்து:
என் வகுப்பில் புகுபதிகைதான். அச்சுப்படி வந்ததும் அனுப்புங்கள் தம்பி. ‘நுழைவுக்’கில் அந்தக் க் விட்டுப்போயிருக்கும், பாருங்கள்.