காவலன், காவலர், பாதுகாவலர் எல்லாம் ஒண்ணுதானா?

கேள்வி: அண்ணன் பையனோட ஸ்கூல் ஃபார்ம்ல "பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்"னு இருந்துச்சு, நான்தான் போட்டேன். அப்ப போலீஸ்காரர காவலர்னு சொல்றோமே, ரெண்டும் ஒண்ணா?

பதில் 1: வேர் ஒண்ணுதாங்க. "கா"ன்னா காப்பாத்து, அதுலருந்து காவல், காவலன். ஆனா பழைய தமிழ்ல காவலன்னா பெரும்பாலும் ராஜாதான், 560ஆவது குறள்ல "காவலன் காவான் எனின்"னு வருது பாருங்க, நாட்டக் காக்க வேண்டியவன் காக்கலன்னா பசு பால் குறையும்னு சொல்றாரு. பேர்லயே வேலைய வச்சிருக்காங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இது.

பதில் 2: இப்ப சொல் கொஞ்சம் மாறினா ஆளே மாறிடுவாரு. காவலர் போலீஸ், காவலாளி வாட்ச்மேன், மெய்க்காப்பாளர் பாடிகார்டு, விடுதிக் காப்பாளர் ஹாஸ்டல் வார்டன். பாதுகாவலர்னா கார்டியன், பிள்ளைக்குப் பொறுப்பு ஏத்துக்கறவர். வாட்ச்மேன பாதுகாவலர்னு எழுதுறதும் உண்டு, அதனால இடம் பாத்துதான் புரிஞ்சுக்கணும்.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றிங்க. கையெழுத்து போடும்போது இவ்ளோ பெரிய வார்த்தைன்னு தெரியல, இப்ப நெனச்சா மனசுக்கு நெறவா இருக்கு.