புதுப்பிப்பு: ஃபூரியர் தொடர் நடத்த எந்த மென்பொருள்?

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு எடுக்கிறேன். லேபில் பழைய கணினிகள், விட்டு விட்டு வரும் இணையம், மேட்லேப் என்ற கட்டணக் கணித மென்பொருளை வாங்கப் பணமில்லை. ஃபூரியர் தொடரை, அதாவது சைன், கொசைன் அலைகளைக் கூட்டிக் கூட்டி வேறோர் அலையை உருவாக்குவதைத் திரையில் காட்ட என்ன வழி என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் மேட்லேப் மாதிரியே கட்டளை எழுதி ஓட்டும் ஆக்டேவ். இலவசம்தான், ஓடவும் செய்தது. ஆனால் விட்டுப்போன அடைப்புக்குறியைத் தேடுவதிலேயே ஒரு பீரியட் போய்விட்டது.

கைகொடுத்தது ஜியோஜீப்ரா கிளாசிக் 5 என்ற கணித வரைபட மென்பொருள். இணையமே வேண்டாம் என்று சொன்னவருக்கு ஒரு டீ கடன்பட்டிருக்கிறேன். பென் டிரைவில் கொண்டுபோய் ஏற்றினேன். உறுப்புகளின் எண்ணிக்கைக்கு 1 முதல் 50 வரை ஒரு ஸ்லைடர். சதுர அலையின் சைன் உறுப்புகளை சீக்வென்ஸ் கட்டளையில் கொடுத்து, சம் கட்டளையால் கூட்டினேன். அவ்வளவுதான். ஸ்லைடரை நகர்த்த நகர்த்த வளைவு சதுரமாகிறது.

எதிர்பாராதது, அலை தாவும் இடத்தில் முளைத்த கொம்பு. −1இலிருந்து 1க்குத் தாவும் அலையில், 50 உறுப்பு போட்டும் அது சுமார் 1.18இலேயே நின்றது, ஒல்லியாகி விளிம்போடு ஒட்டிக்கொண்டதே தவிர இறங்கவில்லை. “சார், சாஃப்ட்வேர் தப்பா போடுது” என்றான் காசிமேட்டுப் பையன் ஒருவன். தப்பில்லை, கிப்ஸ் விளைவு. எத்தனை உறுப்பு சேர்த்தாலும் தாவலின் அளவில் ஏறக்குறைய 9 சதவீதம் மிஞ்சி நிற்கும். வில்பிரகாம் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1848இலேயே இதைக் கண்டுவிட்டார். பெயர் என்னவோ 1899இல் எழுதிய கிப்ஸுக்குப் போனது. கரும்பலகையில் நடத்திய வருஷங்களில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

அப்புறம், கிளாசிக் 6 எங்கள் கணினிகளில் திணறியது. பழைய லேப் என்றால் 5 போடுங்கள்.