முழு வேகத்தில் படகு ஆடத் தொடங்கும் அந்தக் கணம்: நேரில் பட்டதைச் சொல்லுங்கள்

நீர்க்கோடு:
நண்பருடைய படகு. 17 அடி, நடுவில் தட்டையான குறுகிய பட்டை (பேடு) உள்ள வி-அடிப்பாகம், பின்னால் வெளியே தொங்கும் 150 குதிரைத்திறன் வி-6 டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின், அதை ஏற்றி இறக்கும் ஜாக் பிளேட். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். அவர் ஓட்டினார், நான் இடப்பக்க இருக்கையில் இருந்தேன். தண்ணீரில் மெல்லிய சிற்றலை மட்டும்தான். அவர் ட்ரிம்மை, அதாவது எஞ்சினின் சாய்கோணத்தை, சிறிது சிறிதாக வெளியே தள்ளிக்கொண்டே போக, அணியம் (படகின் முன்பகுதி) எழுந்தது, அடிப்பாகத்தின் இரைச்சல் அடங்கியது, ஜிபிஎஸ் 108 கிலோமீட்டர் காட்டியது. அப்போது படகு என் பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்து அவர் பக்கம் சாய்ந்தது. மறுபடி என் பக்கம், முன்னதைவிட ஆழமாக. ஒவ்வொரு சாய்வின் முடிவிலும் விளிம்பு தண்ணீரை அறைந்தது, அதே நொடியில் எஞ்சினின் குரல் ஒரு படி ஏறி இறங்கியது.

வேகத்தில் படகு இப்படி இடவலமாக மாறி மாறிச் சாய்வதை சைன் வாக் என்று படித்திருக்கிறேன், படங்களில் பார்த்திருக்கிறேன். உடம்பில் உணர்ந்தது அதுதான் முதல் தடவை. எனக்குள் நிற்பது அந்த ஆட்டமல்ல, அவருடைய கை. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை அவர் தொடவில்லை. ஸ்டியரிங்கை ஒரு விரல் அகலம் அசைத்தார், உடனே திரும்பக் கொண்டுவந்தார். ஆட்டம் அப்படியே அற்றுப்போனது. கரைக்கு வந்ததும் கேட்டேன். "ஓட்ட ஓட்டக் கைக்கு வந்துவிடும்" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அந்த ஒரு விரல் அசைவில் என்னதான் நடந்தது?

இரட்டைக்கேபிள்:
உங்கள் நண்பர் ஆட்டத்தைத் திருத்தவில்லை, அடுத்த சாய்வுக்கு முன்னால் போய் நின்றார். அந்த வேகத்தில் படகு தண்ணீரில் மிதப்பதில்லை. பின்பக்கத்தில் ஒரு கையகல பேடின் மேல் நிற்கிறது, அவ்வளவுதான். மெதுவாகப் போகும்போது இரண்டு பக்கச் சரிவுகளும் தாங்கிப் பிடிக்கும். பேடின் மேல் ஏறிவிட்டால் சைக்கிளைப் போல ஓட்டுபவர்தான் சமநிலை தர வேண்டும். வலமாகச் சுழலும் ப்ரொப்பெல்லரின் எதிர்விசை படகை எப்போதும் இடப்பக்கம் சாய்க்கப் பார்க்கிறது. ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் இருப்பது அந்த விசைக்கு எடை கொடுக்கத்தான். சாய்ந்த பிறகு திருப்பினால், திருப்பம் போய்ச் சேரும்போது படகு மறுபக்கம் போய்க்கொண்டிருக்கும். அப்போது நம் கையே ஆட்டத்தை வளர்க்கும்.

என் அனுபவம் தண்ணீரில் நடந்ததுகூட இல்லை. ஒருவர் "இந்தப் படகின் அடிப்பாகமே சரியில்லை, 95 தாண்டினால் ஆடுகிறது" என்று விற்கக் கொண்டுவந்திருந்தார். டிரெய்லரில் நின்ற படகின் பின்னால் குனிந்து, எஞ்சினின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அடித்துடுப்பை ஒரு கையால் பிடித்து இடவலமாக அசைத்தேன். எஞ்சின் தாராளமாக ஆடியது. உள்ளே ஸ்டியரிங் சக்கரம் அசையவே இல்லை. அந்தத் தளர்வு என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. ஒற்றைக் கேபிள், தேய்ந்த முனை. ஓட்டுநர் அனுப்பாத திருப்பங்களை எஞ்சின் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கேபிள்களை எதிரெதிராக இழுத்துப் பூட்டி அந்த இடைவெளியை எடுத்துவிட்டோம். அதே ப்ரொப்பெல்லர், அதே எரிபொருள் அளவு. 95-இல் ஆடிய படகு அதைக் கடந்து அமைதியாகப் போனது. அடிப்பாகத்தைக் குறை சொல்லும் முன் அடித்துடுப்பை அசைத்துப் பாருங்கள்.

கரைநிழல்:
விரல் அசைவு, கைப்பழக்கம் என்றெல்லாம் இங்கே எழுதுவது எனக்குக் கவலை தருகிறது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு இணையாக இன்னொரு படகு வந்தது. அதன் அடிப்பாகம் ஒரு முறை வெயிலில் மின்னியது, மறைந்தது, மறுபக்கம் மின்னியது. ஓட்டியவர் விடவில்லை, பிடித்து ஓட்டியே தீருவது என்று இருந்தார். அடுத்த மின்னலில் அடிப்பாகம் முழுவதும் தெரிந்தது. விளிம்பு தண்ணீரில் மாட்டி, படகு குறுக்காகத் திரும்பி, அவர் காற்றில் இருந்தார்.

இழுபட்டால் எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்சின் கயிறு உடுப்பில் மாட்டியிருந்ததால் எஞ்சின் நின்றுவிட்டது. மிதவை உடுப்பு அவரை முகம் மேலாக நிறுத்தியது. விலா எலும்புகளில் அடி, உயிருக்கு ஒன்றுமில்லை. நாங்கள் அவரை நோக்கித் திரும்பி வந்தபோது அந்தப் படகு ஓட்டுநர் இல்லாமல், சத்தமில்லாமல், அசைந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அது வட்டமடித்து அவர் மேலேயே வந்திருக்கும். என் கருத்து ஒன்றே: முதல் அசைவிலேயே த்ராட்டிலை மூடுங்கள்.

பிட்ச்24:
கரைநிழல் அண்ணா, கயிற்றைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். "மூடுங்கள்" என்பதை மட்டும் மறுக்கிறேன், அதுவும் கடுமையாக. ஆட்டத்தின் நடுவில் த்ராட்டிலைச் சட்டென்று மூடிய ஒருவருடன் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்ற அணியம் பொத்தென்று விழுந்தது. படகு அப்போது ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால் அணியத்தின் அந்தப் பக்கம் தண்ணீரைக் குத்தியது, பின்பகுதி முன்னால் ஓடியது. நாங்கள் வந்த வழியைப் பார்த்தபடி நின்றோம். எங்கள் அலையே பின்பலகையைத் தாண்டி உள்ளே வந்தது.

குறைக்க வேண்டும், மூடக் கூடாது. காலையோ கையையோ மெதுவாக எடுங்கள், கூடவே ட்ரிம்மை ஒரு தட்டு உள்ளே இழுங்கள். படகு கொஞ்சம் அதிக நீளத்தில் தண்ணீரைத் தொடும், ஆட்டம் தானே இறங்கும். டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு எண்ணெய் எரிபொருளோடுதான் வருகிறது. சுழற்சி உச்சத்தில் இருக்கும்போது த்ராட்டிலை மூடினால் பிஸ்டன் அதே வேகத்தில் ஓடும், எண்ணெய் வராது.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீர்க்கோடு கேட்கவில்லை என்றாலும். ஆடுகிற படகில் எல்லோரும் ஸ்டியரிங்கையே பார்க்கிறார்கள், ப்ரொப்பெல்லரின் நழுவலை, அதாவது தண்ணீரில் வழுக்கி வீணாகும் பங்கை, கணக்கிடுவதில்லை. கணக்கு எளியது. எஞ்சினின் நிமிடச் சுழற்சியை கியர் விகிதத்தால் வகுத்து, அங்குலத்தில் உள்ள பிட்ச்சால் (நழுவாமல் ஒரு சுற்றுக்கு ப்ரொப்பெல்லர் முன்னேறும் தூரம்) பெருக்கி, 0.001524-ஆல் பெருக்கினால் நழுவலே இல்லாத வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் வரும். 6000 சுழற்சி, 1.87 விகிதம், 24 அங்குல பிட்ச் என்றால் 117. ஜிபிஎஸ் 105 காட்டினால் நழுவல் சுமார் 10 விழுக்காடு, இந்த வகைப் படகுக்குக் குறை சொல்ல முடியாத எண். அது 15-ஐ நெருங்கினால், வேகத்துக்காக நீங்கள் தள்ளும் ட்ரிம் வேகமாக மாறவில்லை, அணியத்தைத் தூக்கி ஆட்டத்தை வரவழைக்கிறது.

அந்த நிலையில் எஞ்சின் உயரத்தைப் பாருங்கள். உயர்த்தினால், தண்ணீருக்குள் ஓடும் கியர் பெட்டியின் இழுவை குறையும். அதே வேகத்துக்குக் குறைந்த ட்ரிம் போதும், அணியம் கீழே நிற்கும். ஒவ்வொரு முறையும் கால் அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். ஏற்றிய பிறகு மற்ற எதையும் மாற்றாமல் ஓடுங்கள். தண்ணீர் அழுத்தமானியில் முள் விழத் தொடங்கினால் அந்த உயரத்தில், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் நீர்வாய் காற்றைக் குடிக்கிறது என்று பொருள், உடனே இறக்குங்கள். எஞ்சினை உயர்த்தும்போது ஸ்டியரிங் கனக்கும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள், ஏனென்றால் இழுவையைச் சமன்செய்யும் சிறு தகடு தண்ணீருக்கு வெளியே வந்துவிடும். பிட்ச் மாற்ற நினைத்தால், ஓர் அங்குலம் சுமார் 150 முதல் 200 சுழற்சி வரை மாற்றும். எஞ்சினுக்கு விதித்த உச்சச் சுழற்சிக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எரிபொருள் தொட்டி பாதி காலியானதும் அதே படகு வேறு படகாகிவிடும், ஆகையால் எல்லாச் சோதனையையும் ஒரே அளவு எரிபொருளில் செய்யுங்கள்.

வெள்ளைப்பிளக்:
எண்ணெய் பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். கார்புரேட்டர் எஞ்சின், நீண்ட நேர்கோட்டு ஓட்டம். அன்று வரை கேட்டிராத அளவுக்கு எஞ்சினின் குரல் கூர்மையாக, சுத்தமாக இருந்தது. சுழற்சிமானி தானாக ஒரு மயிரளவு ஏறியது. பக்கத்தில் இருந்தவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அடுத்த கணம் எஞ்சின் இறுகி நின்றது. ஒரு சிலிண்டருக்கு எரிபொருள் விடும் சிறு துளையான ஜெட்டில் தூசி அடைத்து, அதற்கு மட்டும் எரிபொருள் குறைந்திருக்கிறது. அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது, மற்றவை காப்பி நிறத்தில். கெடுவதற்கு முன்புதான் எஞ்சின் அவ்வளவு அழகாகப் பாடியது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

அலைமுகடு:
எல்லோரும் ஆட்டத்தைச் சொல்கிறீர்கள். எனக்கு நேர்ந்ததில் ஆட்டமே இல்லை. நேராக, அமைதியாகப் போய்க்கொண்டிருந்தேன். ஸ்டியரிங் கையில் கல்லைப்போல உறுதியாக இருந்தது. 125-ஐத் தாண்டிய சிறிது நேரத்தில் படகின் பின்பகுதியை யாரோ உதைத்துத் தள்ளியதுபோல் பக்கவாட்டில் எறிந்தது. சக்கரம் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. எஞ்சின் எதையும் பிடிக்காமல் வீறிட்டது. எந்த முன்னறிவிப்பும் இல்லை.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. வழக்கமான கியர் பெட்டியின் மூக்கு மழுங்கலானது, அந்த வேகத்துக்கு வடித்ததல்ல. சுற்றி ஓடும் தண்ணீர் அதன் மேற்பரப்பிலிருந்து பிரிந்து குறைந்த அழுத்தக் குமிழ் உண்டாகிறது. வேகம் கூடக்கூட அந்தக் குமிழ் பின்னோக்கி நீண்டு, ஒரு கட்டத்தில் ப்ரொப்பெல்லரையே விழுங்கிவிடுகிறது. பிடி போனதும் கியர் பெட்டியின் இரு பக்கத்திலும் சமமாக இருந்த அழுத்தம் குலைகிறது. இப்போது கூர்மூக்கும் தாழ்ந்த நீர்வாயும் பொருத்திய கியர் பெட்டி. பிட்ச்24 அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உயரத்தைக் கூட்டச் சொல்லும்போது இந்த எல்லையையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் அறிவுரையால் வேகம் கூடும், கூடிய வேகத்தில் அவர்கள் சந்திக்கப்போவது இதைத்தான்.

கரைநிழல்:
பிட்ச்24, மெதுவாகக் குறைப்பது என்பதை ஏற்கிறேன். ஆனால் நான் பார்த்தவர் மெதுவாகக்கூடக் குறைக்கவில்லை. "அடங்கிவிடும்" என்று காத்திருந்தார். புதியவரிடம் இரண்டு கைகளாலும் சக்கரத்தைப் பிடி, ஒரு கையால் த்ராட்டிலைக் குறை, ஒரு விரலால் ட்ரிம்மைத் தட்டு என்றால் அவருக்கு எத்தனை கைகள் வேண்டும்? காலால் மிதிக்கும் த்ராட்டில் போடுங்கள், ட்ரிம் பொத்தானை ஸ்டியரிங் தண்டுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு நுணுக்கம் பேசலாம். கால் த்ராட்டிலில் இருக்கையிலிருந்து ஆள் தூக்கப்பட்டால் கால் தானாக விலகும். கை நெம்புகோல் விட்ட இடத்திலேயே நிற்கும்.

நீர்க்கோடு:
எல்லோருக்கும் நன்றி. நண்பரிடம் கேட்டேன். அவருடையது ஹைட்ராலிக் ஸ்டியரிங், தளர்வு இல்லை. கால் த்ராட்டிலும் உண்டு, அதனால்தான் த்ராட்டிலை அவர் தொடவில்லை என்று நினைத்தேன். காலை ஓரளவு எடுத்தாராம், எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை ஸ்டியரிங் என் கையில் என்கிறார். எந்த வேகத்திலிருந்து பழகத் தொடங்கலாம்?

இரட்டைக்கேபிள்:
வேகத்தை வைத்துத் தொடங்காதீர்கள். ட்ரிம்மை முழுவதும் உள்ளே வைத்துப் படகை எழுப்புங்கள், பிறகு முதல் சிறு சாய்வு தெரியும்வரை மட்டும் வெளியே விடுங்கள். அந்த இடத்தில் நின்று ஓட்டுங்கள். அங்கே சாய்வு சிறியது, கை கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கும். பார்வை அணியத்தில் இருக்க வேண்டாம், தொலைவில் ஓர் இடத்தில் இருக்கட்டும். திரும்பும் முன் ட்ரிம்மை உள்ளே இழுங்கள். புறப்படுவதற்கு முன், எஞ்சின் ஓடும்போதே கில் ஸ்விட்சின் கயிற்றை ஒருமுறை பிடுங்கி, அது நிற்கிறதா என்று பாருங்கள்.