புதுப்பிப்பு: ஒரு தமிழ் எஸ்எம்எஸ் ஏன் மூன்றாகக் கழிகிறது?

அம்மாவுக்கு ஒரே ஒரு தமிழ் எஸ்எம்எஸ் அனுப்பினால் பேக்கில் மூன்று கழிகிறதே என்று போன வாரம் புலம்பியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70தான். நீளமாகிப் பிரிந்தால் துண்டுக்கு 67. இதில் ‘கொ’வும் இரண்டு, புள்ளி வைத்த ‘க்’கும் இரண்டு! புள்ளிக்கெல்லாமா காசு?

இருவரிடமும் ஆர்சிஎஸ் (எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக இணையம் வழியே செய்தி அனுப்பும் வசதி) இருந்தால் டேட்டாவில் போய்விடும், இந்தக் கணக்கே இல்லை. ஆனால் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். சரி, சுருக்கி எழுதுகிறேன்.

அப்புறம், கூகுள் மெசேஜஸில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரம் குறிக்கலாம். மாத்திரை நினைவூட்டலை இரவே எழுதிவிடுகிறேன். காலை 8 மணிக்குப் போகிறது. என் போன் அணைந்திருக்கக் கூடாது, சிக்னலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.